முகப்புக் கண்ணாடி

ஆனி 9, திங்கள்

மத்தியானம் மிளகாய் காயப்போட்டுவிட்டு நிமிர்கிறேன், கம்பெனிப் பக்கம் வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், சுவரோரம் நிறுத்தியிருந்த கண்ணாடிகளில் ஒன்றைக் காணோம். அது நின்ற இடத்தில் கல்லுப்பைக் கொட்டினாற்போல் ஒரு குவியல். பக்கத்தில் ஆள் இல்லை. காற்று இல்லை. வண்டி எதுவும் இடிக்கவில்லை. சாப்பாட்டு நேரம், வேலையாட்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் இருந்தார்கள்.

மருமகள் கோகிலவாணி ஓடிவந்தாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“திருஷ்டி போச்சுங்க அத்தை. எத்தன கண்ணு நம்ம மேல. தன்னால உடைஞ்சா நல்லதுதானுங்க.”

கம்பெனி நடத்துகிற என் மகன் நாட்ராயனும் அதையேதான் சொன்னான். இந்த அமாவாசைக்குப் பூசணிக்காய் மிச்சம் என்று சிரித்தான். சேவியர் மட்டும் சிரிக்கவில்லை. சேவியர் உலையைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர், தூத்துக்குடிக்காரர், பெரிய கம்பெனியில் இருந்து வந்தவர். வெளியில் வாங்கிவருகிற கண்ணாடியை இங்கே வெட்டி, உலையில் பழுக்கவைத்து, வெளியே எடுத்ததும் காற்றடித்துச் சட்டென்று ஆற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் சுத்தியலால் தட்டினாலும் உடையாதாம். உடையாத கண்ணாடி உடைந்து கிடக்கிறது, சேவியர் அதன் முன்னால் குத்தவைத்து, தோட்டைத் தொலைத்தவர் மாதிரி துழாவுகிறார்.

எனக்கு ஐந்தாம் வகுப்புதான் படிப்பு. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். இந்த வீட்டில் மாற்றிப் பேசுகிறவர்கள் ஜாஸ்தி.

ஆனி 10, செவ்வாய்

குவியலை அள்ளச் சொன்னால் நாளைக்கு என்கிறார்கள். கிட்டப் போனால் நெல் பொரிகிற மாதிரி இன்னும் கிட், கிட் என்கிறது.

பால்காரன் மறுபடியும் தண்ணீர் விட்டிருக்கிறான். போன தீபாவளிக்கும் இதையே செய்துவிட்டு, மாடு இளங்கன்று போட்டிருக்கிறது என்றான். அந்த மாடு மலடு. எனக்குத் தெரியாதா?

ஆனி 16, திங்கள்

சேவியர் அன்றைக்கு எதையோ எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்திருந்தேன். இன்றைக்குக் கம்மங்கூழ் கொடுத்து உட்காரவைத்துவிட்டேன். கூழ் குடிக்கிறவன் பாதியில் எழுந்து ஓட முடியாது.

“பையில வெச்சத எடுங்க.”

“என்னத்தம்மா?”

“கண்ணுக்கு ஆபரேசன் பண்ணது ஒரு பக்கந்தான். இன்னொன்னு நல்லாத்தான் தெரியுது. எடுங்க.”

பிரித்துக் காட்டினார். கண்ணாடித் துண்டுகள் இரண்டு, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியவை, பட்டாம்பூச்சி இறக்கையை விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் மிளகுப்பொடியில் ஒரு துகள் மாதிரி கறுப்பாய் ஒரு புள்ளி.

“இதுதாம்மா ஆளு.”

“இத்தினியூண்டா அத்தாம் பெரிய கண்ணாடிய உடைச்சுது?”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன். கற்கண்டுக்குள் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்குமாம். அதே சர்க்கரையைப் பாகு காய்ச்சிச் சட்டென்று ஆற்றினால் கெட்டி மிட்டாய், அதற்குள் வரிசை கிடையாது. கண்ணாடி மிட்டாய் சாதி. கல் மாதிரி இருக்கிறதே தவிர உள்ளே ஒன்றும் ஒழுங்காய் உட்காரவில்லை, தேர்க்கூட்டத்தில் நெருக்குண்டவர்கள் மாதிரி நகர வழியில்லாமல் நிற்கிறது.

“மழைக்காலத்துல மிட்டாய் வெள்ளை பூத்து நறநறன்னு போகுமே?” என்றேன்.

“அதேதாம்மா. அது திரும்ப அடுக்குக்குப் போகுது. கண்ணாடி அப்படிப் போறதுக்கு நம்ம பேரன் பேத்தி ஆயுசும் பத்தாது. அதனால கண்ணாடியப் பத்திப் பயமில்ல. இந்தப் புள்ளிதான் பயம். இது கண்ணாடியே இல்ல. கண்ணாடி காய்ச்சுற எடத்துலயே உள்ள மாட்டிக்கிட்ட வேற சரக்கு. முழுக் கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாது. சூட்டுல இதுக்கு ஒரு உருவம், ஆறுனா வேற உருவம். நாம படக்குன்னு ஆத்திடுறோமா, மாற நேரமில்லாம சூட்டு உருவத்துலயே நின்னுபோகும். அப்புறம் வெளிய சும்மா நிக்கும்போது மெல்ல மெல்ல மாறும். மாறுறப்ப உப்பும். ஒரு மயிரிழை உப்புனாலும் போதும், மொத்தக் கண்ணாடியும் தெறிச்சுரும்.”

“எப்ப தெறிக்கும்?”

“நாளைக்கும் ஆகலாம். ரெண்டு வருசமும் ஆகலாம். தெறிக்காமலும் போகலாம்.”

“இதென்ன சோசியக்காரன் பேச்சு?”

“அதுக்குத்தான் சோதனைச் சூளை இருக்கு. கண்ணாடிய மறுபடி மிதமான சூட்டுல கொஞ்ச மணி நேரம் வெச்சா, புள்ளி உள்ளது அங்கேயே உடைஞ்சுரும். மிச்சத்த தைரியமா அனுப்பலாம்.”

“சூளை நம்மகிட்ட இருக்குதே?”

சேவியர் கூழைப் பார்த்தார். “இருக்கும்மா. அதுக்குள்ள அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கு.”

ஆனி 20, வெள்ளி

மிளகாய் அரைத்தாயிற்று. கோகிலா தன் அம்மாவுக்கு ஒரு டப்பா எடுத்துவைத்தாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஆனி 27, வெள்ளி

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை முன்பக்கக் கண்ணாடி உடைந்து கொட்டிவிட்டது. பட்டப்பகலில். கீழே நின்று சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு போயிற்று, கழுத்தில் தையல். பொடிப்பொடியாய் உடைவதால் வெட்டாது என்பார்கள். இரண்டாள் தூக்குகிற கண்ணாடி, பொடியானால் எடை குறைந்துவிடுமா? கட்டிகட்டியாய்த்தான் விழுந்திருக்கிறது.

நம் கண்ணாடி. நாட்ராயன் போனில், “எவனோ கல்லு வீசியிருக்கானுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கல் கிடைத்ததா என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள்போல. போனை வைத்துவிட்டான்.

எந்த லோடு என்று நான் யாரையும் கேட்கவேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் போன லாரி. டிரைவர் பின்னால் எடுக்கும்போது என் முருங்கையை முறித்தான், ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நெற்றியில் அரை வட்டத் தழும்பு. மறப்பேனா? அந்த லாரியில் முதலில் ஏற்றியது இந்தக் கடைக் கண்ணாடி. அடுத்து ஏற்றியது தங்கமுத்து மண்டபத்து முகப்புக் கண்ணாடி. லாரியில் இடமில்லாமல் மிஞ்சிச் சுவரோரம் நின்றதுதான் அன்றைக்கு வேட்டுப் போட்ட மாதிரி உடைந்தது.

தங்கமுத்து என் கொழுந்தனின் மகன். பழனாத்தாள் பெற்றது. பெருந்துறை ரோட்டில் புதிதாய்க் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறான். வாசலில் ஆர்ச் இல்லை, பந்தல் இல்லை, ஆகாயம் தெரிகிற மாதிரி தலைக்குமேல் பெரிய கண்ணாடி. பெண்ணும் மாப்பிள்ளையும் அதன் கீழே நின்றுதான் ஆரத்தி எடுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். முதல் கல்யாணம் வீட்டுக் கல்யாணமாக இருக்கவேண்டுமென்று, அவன் மகள் மிருதுளாவுக்கு ஆவணி பன்னிரண்டில் முகூர்த்தம்.

ஆனி 30, திங்கள்

ஆடி பிறந்தால் அழைக்க முடியாது என்று தங்கமுத்துவும் அவன் மனைவியும் இன்றைக்கே தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். “பெரியம்மா, நீங்க முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும்” என்றான். நல்ல பையன். அவன் அம்மா வரவில்லை. வரமாட்டாள்.

எதனால் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மகள் சாந்தாமணிக்கு ஊத்துக்குளி இடம் அமைந்து, நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தாள். கிணற்றடியில் வைத்து என் ஓரகத்தி பழனாத்தாள் அவளிடம், “புள்ளைக்கு வலிப்பு வரும், பாத்துக்குங்க” என்றாள். சாந்தாமணிக்குக் கைக்குழந்தையில் காய்ச்சலோடு ஒரு தடவை வந்தது. ஒரே ஒரு தடவை. சொன்னபோது பழனாத்தாள் கட்டியிருந்தது பச்சைச் சுங்குடி, கையில் வாய் நெளிந்த பித்தளைச் செம்பு. சம்பந்தம் அன்றைக்கே போயிற்று. அதற்குப் பிறகு எந்த இடமும் திகையாமல், கடைசியில் நாக்பூரில் இருக்கிறவருக்கு இரண்டாம்தாரமாகக் கொடுத்தேன். முப்பது வருசம் ஆயிற்று, பழனாத்தாளோடு நான் பேசி. இந்தக் கண்ணாடி ஆர்டரை வைத்துத்தான் நாட்ராயன் மறுபடி அந்த வீட்டுப் படி ஏறினான்.

அவர்கள் போனதும் தாம்பாளத்தைப் பார்த்தேன். வெற்றிலை வாடியிருந்தது. இருக்கட்டும்.

ஆடி 3, சனி

நாட்ராயன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“தம்பி, மண்டபத்துக் கண்ணாடியக் கழட்டீரு.”

“எதுக்கு?”

“அதும் அதே லோடு. சேவியர் எல்லாஞ் சொன்னாரு.”

“சேவியருக்கு என்ன, சம்பளம் வாங்கீட்டுப் பேசுவாரு. ஒண்ணக் கழட்டுனா ஏன்னு கேப்பான். ஏன்னு சொன்னா அந்த லோடு பூராத்துக்கும் சொல்லோணும். அப்பறம் எவன் நம்மகிட்டக் கண்ணாடி வாங்குவான்? கடையப் பூட்டீட்டு உன்றகூட மிளகா காயப்போடட்டுமா?”

“ரெண்டு கண்ணாடிய நடுவுல ஏதோ வெச்சு ஒட்டியிருந்தா உடைஞ்சாலும் உழுகாதாமல்ல?”

“அவன் ஒத்தைக் கண்ணாடிதான் கேட்டான். பளிச்சுனு தெரியோணும்னு.”

“சரி, சூளைலயாவது வெச்சிருக்கலாமல்ல?”

அதுவரைக்கும் தட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“யாரும்மா வேண்டாம்னது? தெறப்பு விழா அன்னிக்கு சேவியர் சூளையப் பத்தவெக்கப் போனாரு. புதுசாத் தொழில் தொடங்குன எடத்துல ஒரு மண்டலத்துக்கு ஒரு சாமானும் உடையக் கூடாது, அதையும் நாமளே தீ மூட்டி உடைக்கறதான்னு கத்துனது ஆரு? அட்டைப்பெட்டிய உள்ள தூக்கி வெக்கச் சொன்னது ஆரு?”

“ஏனுங்க, அத்தைகிட்டப் போயி...” என்று கோகிலா ரசத்தை எடுத்துவந்தாள். ரசம் வேண்டாமென்று எழுந்து போய்விட்டான்.

நான் சொன்னது திறப்பு விழா அன்றைக்கு மட்டும். ஒரு மண்டலம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும். என் கல்யாணப் பந்தியில் யார் யார் பாயசத்தை இலையில் மிச்சம் வைத்தார்கள் என்பதே ஞாபகம் இருக்கிறது.

ஆடி 4, ஞாயிறு

ஒரு மண்டலம் என்று சொல்லவில்லை.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டுக்கு எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. சேவியர் பெட்டியோடு வந்து நின்றார். ஓசூரில் வேலை கிடைத்துவிட்டதாம்.

“அப்ப நீங்களும் ஓடறீங்க.”

“சாரிட்ட மூணு தடவை எழுதிக் குடுத்தேம்மா. வாங்கவே மாட்டேங்குறாரு. நாளைக்கு யாராவது செத்தா, உலையப் பாத்தவன் யாருன்னுதான் தேடுவாங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு.”

“மண்டபத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டுப் போங்க.”

“நான் சொன்னா வேலையவிட்டுப் போறவன் வயித்தெரிச்சல்ல சொல்றான்னு சார் சொல்லிடுவாரு. நீங்க பெத்தவங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க.”

தேங்காய்ச் சாதம் ஒரு பொட்டலம் கொடுத்தேன். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, “அதுக்குக் கீழ மட்டும் நிக்காதீங்கம்மா” என்றார்.

ஆடி 26, திங்கள்

பழனாத்தாள் வீட்டுக்குப் போனேன். முப்பது வருசத்துக்குப் பிறகு. யாரிடமும் சொல்லவில்லை, டவுன் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் மீதிச் சில்லறை தரவில்லை, அவனை வேறு நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

பின்கட்டில் கல்யாண முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. உடம்பு வைத்துவிட்டாள், காலில் வீக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வாங்கக்கா. எமன் வந்தாலும் வருவான், நீங்க வர மாட்டீங்கன்னு இருந்தேன்.”

“அவனுக்கு முன்னால நான் வந்துட்டேன்.”

முறுக்குப் பிழிகிற பெண்கள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் குடிக்கவில்லை.

“மண்டபத்து முகப்புல இருக்கற கண்ணாடி உடைஞ்சு உழுகும். கல்யாணத்துக்கு முன்ன கழட்டச் சொல்லு.”

“எப்ப உழுகும்?”

“தெரியாது.”

“உழுகறது நெசமா?”

“உழுந்தாலும் உழுகும். உழுகாமயும் போகும்.”

பிழிகிற கைகள் நின்றுவிட்டன. பழனாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடி போட்டது உங்க மவன். அவன் வந்து சொல்லட்டும்.”

“அவன் சொல்ல மாட்டான்.”

“ஏன் சொல்ல மாட்டான்? கெட்ட கண்ணாடியக் குடுத்தானா? கல்யாண ஊட்டுல சோதன பண்ணாம மாட்டீட்டுப் போயிட்டானா? அதச் சொல்லுங்க. இத்தன பேரு முன்னால சொல்லுங்க, நான் இப்பவே கழட்டச் சொல்றேன்.”

சொல்லத்தான் போனேன். எட்டுப் பெண்கள் மாவுக் கையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் வழியாக இந்தப் பேச்சு இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எந்தெந்த ஊருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். நாட்ராயனின் அப்பா போனபோது அவனுக்குப் பதினோரு வயது. நான் தொடாமல் வைத்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்திருக்கலாம்.

“தெரியுமக்கா,” என்றாள் பழனாத்தாள். சத்தம் போடவில்லை. “அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொன்னேன். அத இத்தன வருசம் ஊற வெச்சு இன்னிக்கு என்ற பேத்தி தலையில எறக்கறீங்க. நான் சொன்னதாவது நடந்தது. நீங்க நடக்காததச் சொல்லிச் சாபம் உடறீங்க.”

அப்போது கல்யாணப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். கையில் பாதி மருதாணி. “யாருங்காத்தா இவிய?”

“உன்ற பெரியாத்தா சாமி. கல்யாணம் நல்லா நடக்கோணும்னு வாழ்த்த வந்திருக்கறாங்க. போற வழியப் பாத்துட்டு நிக்கறாங்க.”

அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். அவள் தலையில் கை வைத்தேன். எண்ணெய் வைத்த தலை, சூடாக இருந்தது.

ஆவணி 2, திங்கள்

தங்கமுத்து போன் பண்ணி, “அண்ணா, பெரியம்மாவக் கூட்டீட்டு வர வேண்டாமுங்க” என்றானாம். நாட்ராயன் என்னோடு பேசுவதில்லை. கோகிலா தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

ஆவணி 12, வியாழன்

இரும்புப்பெட்டிக்கு அடியில் இருந்த வெள்ளைச்சேலையை எடுத்துக் கட்டினேன். அவர் போன புதிதில் கட்டியது. பிறகு நாட்ராயன்தான் அழுது கலர்ச்சேலை கட்டவைத்தான். முதல் பஸ்ஸில் மண்டபத்துக்குப் போய், முகப்பில், கண்ணாடிக்கு நேர் கீழே, வாழைமரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டேன். நெற்றியில் ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. நல்ல காரியத்துக்கு வருகிறவர்களுக்கு எதிரே இப்படி ஒருத்தி நின்றால் நம் பக்கத்தில் யாரும் அந்த வழியாக நுழைய மாட்டார்கள். என் வாயை நம்பாதவர்கள் என் சேலையை நம்புவார்கள்.

நம்பினார்கள். முதலில் வந்த ஒறம்பரை, சொந்தக்காரர் இரண்டு பேர், என்னைப் பார்த்ததும் செருப்பை மாட்டுகிற மாதிரி நின்று, திரும்பிப் போய்விட்டார்கள். அப்புறம் தங்கமுத்துவின் மச்சினன் வந்து, “பெரியம்மா, உள்ள வந்து உக்காருங்க” என்றான். வரமாட்டேன் என்றேன். “கையப் புடிச்சு இழுக்க வெச்சராதீங்க” என்றான். இழுத்துப் பார், கத்துவேன், வீடியோக்காரன் அங்கேதான் நிற்கிறான் என்றேன். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுக் கட்டுப் பக்கம் ஆள் நிறுத்தி, வருகிறவர்களை எல்லாம் அந்த வழியாகத் திருப்பிவிட்டார்கள். கேட்டில் நின்ற ஒரு கிழவி என்னைப் பார்த்து மண்ணைத் தூற்றினாள். அவள் பேர் குப்பாயி, கொல்லன்தோட்டத்துக்காரி. எழுதிவைத்துக்கொள்கிறேன்.

தலைக்கு மேலே ஆகாயம் வெளுத்தது. அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. ஒரு காக்காய் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. கீழேயிருந்து அதன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அது தத்தும்போதெல்லாம் என் கழுத்து தோளுக்குள் போயிற்று.

நாட்ராயன் பட்டுவேட்டியோடு வந்தான்.

“அம்மா. வா.”

“நீ போ தம்பி.”

“மானத்த வாங்காத. வந்துரு.”

அவன் கண்ணாடிக்கு வெளியே வெயிலில் நின்றான். அங்கே நின்றபடியே கையை மட்டும் நீட்டினான். ஒரு எட்டு வைத்திருந்தால் என் கை எட்டியிருக்கும். வைக்கவில்லை. நான் அவன் காலைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். கையை மடக்கிக்கொண்டு போய்விட்டான்.

பிள்ளையார் கோயிலில் இருந்து மேளம் வந்தது. ரோட்டில் நின்றது. திரும்பிற்று. மிருதுளாவைச் சாப்பாட்டுக் கட்டு வழியாக, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் பட்டுப்பாவாடைக்காரிகள் வழுக்க வழுக்க, உள்ளே கூட்டிப்போனார்கள். கெட்டிமேளம் கேட்கும்வரைக்கும் நின்றேன். யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. கிளம்பும்போது பழனாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். என் கண்ணில் முப்பது வருசமாக இருந்தது அதுதான்.

கண்ணாடி உடையவில்லை.

ஆவணி 14, சனி

“பாத்தியா? ஒண்ணும் ஆகல. எதுக்கு இந்த ஆட்டம்?” என்றான் நாட்ராயன். நல்ல சாப்பாடு சாப்பிட்டான். ஊரெல்லாம் என்னைப் பற்றித்தான் பேச்சு என்று கோகிலாவின் அம்மா மெனக்கெட்டுப் போன் பண்ணிச் சொன்னாள்.

சேவியருக்குப் பதிலாக ஒரு புது ஆள் வந்திருக்கிறான். சூளையில் அட்டைப்பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. நானே போய்ப் பார்த்தேன்.

மண்டபத்தில் அடுத்த கல்யாணம் வியாழக்கிழமையாம். சேலத்துப் பக்கத்துக்காரர்கள். எனக்கு யாரென்றே தெரியாது.

ஆவணி 17, செவ்வாய்

எனக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. நான் எதற்குப் போகவேண்டும்?

வெள்ளைச்சேலையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஆவணி 19, வியாழன்

அதே பஸ், அதே இடம். இந்தத் தடவை ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. மண்டபத்து வாட்ச்மேன் என்னைப் பார்த்து, “மறுபடியுமா?” என்று தலையில் கைவைத்துக்கொண்டு தங்கமுத்துவுக்குப் போன் பண்ணப் போனான்.

நான் நின்றேன். முதல் வேன் வந்தது. இறங்கினவர்கள் என்னைப் பார்த்தார்கள். திரும்பிப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்கள். மஞ்சள் பட்டுக் கட்டியிருந்த ஒரு பெண், பெண்ணுக்குச் சித்தியாம், என் கையைப் பிடித்தாள்.

“எந்தப் பக்கம்மா நீங்க? மாப்பிள்ளை வீடா? ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? டேய், பாட்டிக்கு ஒரு சேர் கொண்டா.”

“நான் இங்க நிக்கறது உங்களுக்கு ஆகாது அம்மிணி. நல்ல காரியத்துல...” என்று என் சேலையைக் காட்டினேன்.

“அட, அதெல்லாம் யாரு பாக்குறா. எங்கக்காவும் அப்படித்தான், பொண்ணோட அம்மா. அவங்கதான் இன்னைக்கு ஆரத்தி எடுக்குறாங்க. அக்கா, இங்க வா, உனக்கு ஜோடி கெடைச்சிருக்கு.”

நெற்றியில் பொட்டில்லாத ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றாள். நாற்காலி வந்தது, கண்ணாடிக்கு நேர் கீழே போட்டார்கள். ஒரு நாற்காலி போட்டதும் இன்னொன்றில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். அவர் மடியில் ஒரு குழந்தையை விட்டார்கள். சந்தனம் கொடுக்கிற மேசையையும் இங்கேயே நகர்த்துங்கள், பாட்டிக்குப் பொழுது போகும் என்றாள் சித்தி. நான் தடுக்க வந்த இடத்தில் என்னாலேயே கூட்டம் கூடிற்று. மேலே பார்த்தேன். துடைத்துவைத்த மாதிரி ஆகாயம். குழந்தை என் வெள்ளைச்சேலை முந்தானையைப் பிடித்து வாயில் வைத்தது.

எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

“அம்மிணி, மேல இருக்கற கண்ணாடி உடைஞ்சு உழுகும்.”

“எது, இதா?”

“இதுதான். எப்பன்னு தெரியாது. இன்னிக்கு உழுகாமயும் போகும். ஆனா இது கெட்ட கண்ணாடி. இதே லோடு கண்ணாடி ஈரோட்டுல ஒரு புள்ளைய நசுக்கிருச்சு.”

பழனாத்தாள் என் முகத்தைப் பார்த்த மாதிரி அவள் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை. அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தாள். அப்புறம் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா, எழுந்திருங்க. டேய், சேரையெல்லாம் தூக்கு. யாரும் இதுக்குக் கீழ நிக்காதீங்க. மேளக்காரரே, இந்தப் பக்கம் வராதீங்க, அப்படியே பக்கவாட்டுல போங்க. ஆரத்தி உள்ள எடுத்துக்கலாங்க்கா.”

என் ஆயுசில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இத்தனை பேர் நகர்ந்து நான் பார்த்ததில்லை. வெயிலுக்கு என்னையும் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள். கேட்டில் தங்கமுத்துவின் கார் வந்து நின்றது. அவன் கதவைத் திறந்து இறங்குவதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

“மண்டபத்துக்காரர்கிட்ட நான் பேசுறேன். இதை மாட்டுனது யாருன்னு தெரியுமாம்மா? பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன். மிச்சத்தை எங்கெங்க போட்டிருக்காங்கன்னு கேக்கணும்ல.”

“எழுதிக்க,” என்றேன். “நாட்ராயன். வி. நாட்ராயன். கம்பெனி காங்கேயம் ரோட்டுல இருக்குது.”

எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“நான் பெத்தது,” என்றேன்.